ஒரே குடுவையில் மூன்று நான்கு பொருளைச் சேர்க்கும் வினைகள்: ப்ராஜெக்டுக்கு எடுக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வேலூர் வந்து எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். "கைடு எனக்கு ஒன்-பாட் மல்டிகாம்பொனென்ட் வினைகள்னு தலைப்பு கொடுத்திருக்கார். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா கண்டது கண்டதோட சேர்ந்து குழம்பித்தானே போகணும், எப்படி ஒரே ஒரு பொருள் வருது? இது நிஜமாவே பசுமை வேதியியலா, இல்ல பேப்பர் போடுறதுக்கு ஒரு சுலபமான வழியா? பிஜினெல்லி வினையை ரெண்டு தடவை செஞ்சேன். ஒரு தடவை பிசுபிசுன்னு எண்ணெய் மாதிரி நின்னுடுச்சு, இன்னொரு தடவை 30 சதவீதம்தான் ஈல்டு (விளைச்சல்)."

தம்பி, தாராளமாக எடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஆராய்ச்சிப் படிப்பில் சில வருடம் இதே வினைகளோடுதான் கிடந்தேன், அப்புறம் ராணிப்பேட்டைப் பக்கம் மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலைகளில் பல வருடம் வேலை பார்த்தேன். அதனால் 50 மில்லி ஆர்.பி. பிளாஸ்கில் (உருண்டை அடிக் குடுவையில்) இது எப்படி இருக்கும், ஆளைவிட உயரமான ரியாக்டரில் எப்படி இருக்கும் என்று இரண்டையும் பார்த்திருக்கிறேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்-பாட் என்பதும் மல்டிகாம்பொனென்ட் என்பதும் ஒன்றல்ல. வைவாவில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். ஒரு வினையை முடித்து, அதே குடுவையில் அடுத்த பொருளை ஊற்றி, அது முடிந்ததும் மூன்றாவதை ஊற்றினால் அது ஒன்-பாட்தான், நடுவில் எதையும் வெளியே எடுத்துச் சுத்தம் செய்யவில்லை, அவ்வளவுதான். ஆம்பூர் பிரியாணியைப் போல. சீரகச் சம்பாவைத் தனியாக அரைவேக்காடு வேகவைத்து வடித்துத்தான் கறியோடு சேர்த்து தம் போடுவார்கள், கடைசியில் ஒரே தேக்சாவில் இருந்தாலும் வரிசை என்று ஒன்று இருக்கிறது. மல்டிகாம்பொனென்ட் என்றால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வினைபடுபொருள்கள் சேர்ந்து ஒரே விளைபொருளாக வேண்டும், போட்ட ஒவ்வொன்றிலிருந்தும் பெரும்பாலான அணுக்கள் அந்த விளைபொருளில் இருக்க வேண்டும். அங்கே வரிசையை மூலக்கூறுகளே பார்த்துக்கொள்கின்றன.

எப்படிப் பார்த்துக்கொள்கின்றன என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

காட்பாடி ஸ்டேஷன் வாசலில் பாகாயம் போகிற ஷேர் ஆட்டோ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ஏறுவார்கள், வண்டி கிளம்பவில்லையே என்று ஒருவர் இறங்கி டீ குடிக்கப் போவார், வேறொருவர் ஏறுவார், குடும்பத்தோடு வந்தவர்கள் மூன்று பேராக ஏறிவிட்டு, ரயிலில் பை ஒன்றை விட்டுவிட்டோம் என்று மறுபடி இறங்குவார்கள். ஆனால் கடைசி ஆள் ஏறி வண்டி புறப்பட்டுவிட்டால் கதை முடிந்தது, யாரும் இறங்க முடியாது. நல்ல மல்டிகாம்பொனென்ட் வினை இப்படித்தான் நடக்கிறது. குடுவைக்குள் ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து இமீன் என்ற சேர்மம் ஆகும், தண்ணீர் பட்டால் திரும்பவும் பிரியும். ஆல்டிஹைடும் வேறொன்றும் சேரும், பிரியும். நீங்கள் பயப்படுகிற கண்டதும் கண்டதோடு சேர்வது நிஜமாகவே நடக்கிறது, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மீள்வினைகள். கடைசி ஒரு படி மட்டும் திரும்பி வராத படி, அது ஒரு வளையம் மூடிக்கொள்வதாக இருக்கலாம், அரோமாட்டிக் தன்மை வருவதாக இருக்கலாம், உறுதியான அமைடு பிணைப்பு உருவாவதாக இருக்கலாம். அந்தப் படியில் போனது போனதுதான். சமநிலை எல்லாம் மெல்ல மெல்ல அந்தப் பக்கமே இழுபட்டு, குடுவையில் இருந்த குழப்பம் முழுவதும் ஒரே பொருளாக வடிந்துவிடும். கடைசிப் படியும் மீள்வினையாக இருந்தாலோ, இடையிலேயே திரும்பி வராத வேறொரு வினை குறுக்கே வந்தாலோ, நீங்கள் சொன்ன மாதிரி குழம்பித்தான் போகும். அப்படிக் குழம்பிப்போன முயற்சிகள் அச்சில் வருவதே அபூர்வம், அவ்வளவுதான்.

பிஜினெல்லியையே எடுத்துக்கொள்வோம். பியெத்ரோ பிஜினெல்லி 1891-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் செய்தது. ஷிஃப் பேஸ் என்று நாம் படிக்கிறோமே, அந்த ஹ்யூகோ ஷிஃப்பின் ஆய்வகத்தில். பென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், யூரியா மூன்றையும் ஆல்கஹாலில் போட்டு, துளி அமிலத்தோடு காய்ச்சினால் டைஹைட்ரோபிரிமிடினோன் படிகமாக விழும். எந்த இரண்டு முதலில் சேர்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1933-இல் ஃபோல்கர்ஸும் ஜான்சனும் ஒன்று சொன்னார்கள், 1973-இல் ஸ்வீட்டும் ஃபிஸ்ஸெக்கிஸும், ஆல்டிஹைடும் அசிட்டோஅசிட்டேட்டும்தான் முதலில் சேர்கின்றன என்றார்கள். 1997-இல் காப்பே என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்து, முதலில் சேர்வது ஆல்டிஹைடும் யூரியாவும்தான், அதில் உருவாகும் அசைல் இமினியம் அயனியை அசிட்டோஅசிட்டேட்டின் ஈனால் வடிவம் தாக்குகிறது, பிறகு வளையம் மூடித் தண்ணீர் வெளியேறுகிறது என்று காட்டினார். இதைத் தெரிந்துகொண்டால் யூரியாவை ஏன் ஒன்றரை மடங்கு போடுகிறோம் என்பது தானாகவே புரிந்துவிடும். குறிப்பில் இருக்கிறது, அதனால் போட்டேன் என்று வைவாவில் சொல்லாதீர்கள்.

அணு எண்ணிக்கையையும் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். பென்சால்டிஹைடு 106.1, எத்தில் அசிட்டோஅசிட்டேட் 130.1, யூரியா 60.1, மொத்தம் 296.3. விளைபொருள் 260.3. போனது இரண்டே இரண்டு தண்ணீர் மூலக்கூறு. அணுச் சிக்கனம், அதாவது போட்ட எடையில் விளைபொருளுக்குள் போய்ச் சேரக்கூடிய பங்கு, கிட்டத்தட்ட 88 சதவீதம். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாத ஒரு வினை, அதுவும் 1891-லேயே! பாரி ட்ராஸ்ட் அணுச் சிக்கனம் என்ற கருத்துக்குப் பெயர் வைத்ததே 1991-இல்தான்.

இந்த வினையில் யூரியாவுக்குப் பதில் தயோயூரியா, பென்சால்டிஹைடுக்குப் பதில் 3-ஹைட்ராக்சிபென்சால்டிஹைடு போட்டால் மோனாஸ்ட்ரால் வரும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கிற இழைகளை அமைக்க உதவும் Eg5 என்ற புரதத்தை அது தடுக்கிறது என்று 1999-இல் கண்டுபிடித்தார்கள். எம்.எஸ்சி. லேபில் மூன்று மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய பொருள் அது.

இந்தத் துறையில் எனக்கு ஆகப் பிடித்த கதை ராபின்சனுடையது. பாலாற்றங்கரையில், ரோட்டோரக் குப்பைமேட்டில் எல்லாம் ஊமத்தை வளர்ந்து கிடக்கிறதே, முள்முள்ளாகக் காய்த்து, புனல் மாதிரி பூத்து. அதன் விஷத்துக்குக் காரணமான ஆல்கலாய்டுகளின் நடு எலும்புக்கூடு ட்ரோப்பேன் என்ற இரட்டை வளையம். அதைச் சேர்ந்த ட்ரோப்பினோனை வில்ஸ்டேட்டர் 1901-இல் ஏழு கார்பன் வளையத்திலிருந்து தொடங்கிப் பல படிகளில் செய்தார், கடைசியில் கையில் நின்றது ஒரு சதவீதத்துக்கும் கீழே. 1917-இல் ராபர்ட் ராபின்சன் சக்சின்டையால்டிஹைடு, மெத்தில் அமீன், அசிட்டோன் டைகார்பாக்சிலிக் அமிலத்தின் உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து வைத்தார். ஒரே குடுவை, சாதாரண வெப்பநிலை. மானிக் வினை (ஆல்டிஹைடு, அமீன், கீட்டோன் மூன்றும் இணையும் வினை) ஒரே இடத்தில் இரண்டு முறை நடந்து இரண்டு வளையமும் மூடிக்கொண்டது. அவருக்குக் கிடைத்தது 17 சதவீதம்தான், ஆனால் பிறகு ஷோப் என்பவர் pH-ஐ மட்டும் சரியாகப் பிடித்து வைத்து 90 சதவீதத்துக்குக் கொண்டுபோனார். பொருளையோ கரைப்பானையோ தலைகீழாக மாற்றவில்லை, pH மட்டும்! உங்கள் 30 சதவீதத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஊமத்தைச் செடிக்கும் ரீஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்ப வடியும்படி கொதிக்க வைப்பது) கிடையாது, அடர் அமிலம் கிடையாது, அப்படியானால் அது எப்படிச் செய்யும் என்ற கேள்வியையும் ராபின்சன் அதே 1917-இல் எடுத்துக்கொண்டார்.

அடுத்தது ஹான்ட்ஷ். 1881-82-இல் வந்த வினை. ஒரு ஆல்டிஹைடு, இரண்டு மூலக்கூறு அசிட்டோஅசிட்டேட், அம்மோனியா. விளைபொருள் டைஹைட்ரோபிரிடின். நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேர் சாப்பிடும் பிரஷர் மாத்திரைக் குடும்பம் இது. நிஃபெடிபின் அப்படியே ஹான்ட்ஷ் விளைபொருள்தான்: ஆர்த்தோ நைட்ரோபென்சால்டிஹைடு, மெத்தில் அசிட்டோஅசிட்டேட் இரண்டு பங்கு, அம்மோனியா, வெளியே போவது மூன்று தண்ணீர். வெளிச்சம் பட்டால் அந்த நைட்ரோ தொகுதி பக்கத்து வளையத்தையே ஆக்சிஜனேற்றம் செய்து தான் நைட்ரோசோவாக மாறிவிடும், அதனால்தான் அந்த மருந்தை வெளிச்சம் படாத உறையில் அடைத்துக் கொடுக்கிறார்கள். சரி, அம்லோடிபின்? அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் வளையத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு வெவ்வேறு அசிட்டோஅசிட்டேட்டை ஒன்றாகப் போட்டால் மூன்று விதமான டைஹைட்ரோபிரிடின் கலந்து வரும், பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். அதனால் ஒரு பக்கத்தை முன்கூட்டியே அமினோகுரோட்டோனேட்டாகச் செய்து வைத்துக்கொண்டு, மற்ற பக்கத்தோடு சேர்க்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ப்ராஜெக்ட் அறிக்கையின் முன்னுரையில் இதை எழுதுங்கள்.

அப்புறம் ஐசோசயனைடு வினைகள். பி.எஸ்சி.யில் கார்பைலமீன் சோதனை செய்திருப்பீர்கள், அமீனில் குளோரோஃபார்மும் ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் விட்டுச் சூடாக்கினால் ஒரு நாற்றம் வருமே, குடலைப் புரட்டும், மாடிப்படி வரைக்கும் வரும். அந்த நாற்றம் பிடித்த பொருள்தான் இங்கே கதாநாயகன். அதன் முனையில் இருக்கும் கார்பன் ஒரே நேரத்தில் எலக்ட்ரானைக் கொடுக்கவும் செய்யும் வாங்கவும் செய்யும், ஒரே அணுவில் இரண்டு புதிய பிணைப்பு. 1921-இல் மாரியோ பாசெரினி, அவரும் ஃபிளாரன்ஸ்தான், ஐசோசயனைடு, ஆல்டிஹைடு, கார்பாக்சிலிக் அமிலம் மூன்றையும் சேர்த்தார். 1959-இல் ஈவார் உகி நான்காவதாக அமீனையும் சேர்த்தார். ஆல்டிஹைடும் அமீனும் இமீன், அதன் மேல் ஐசோசயனைடு, அதன் மேல் அமிலம், கடைசியில் அசைல் தொகுதி ஆக்சிஜனிலிருந்து நைட்ரஜனுக்குத் தாவும். இதற்கு மும் (Mumm) மறுசீரமைப்பு என்று பெயர். ஆட்டோ புறப்படுகிற இடம் அதுதான். நாலு பொருளில் ஒவ்வொன்றிலும் 10 வகை உங்களிடம் இருந்தால் 10,000 புதுச் சேர்மம் செய்யலாம், எல்லாம் 40 பாட்டிலிலிருந்து. மருந்து நிறுவனங்கள் தொண்ணூறுகளில் இதன் பின்னால் ஓடியதற்குக் காரணம் அதுதான். பல் டாக்டர் போடும் மரத்துப்போகும் ஊசியில் இருக்கும் லிக்னோகெய்னையும் உகி முறையில் செய்ய முடியும். ஆனால் தம்பி, நல்ல ஃபியூம் ஹூட் இல்லாத லேபில் ஐசோசயனைடைத் திறக்காதீர்கள். மிச்சத்தை மெத்தனால் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற வைத்தால் நாற்றம் அடங்கும், குடுவையையும் அதிலேயே கழுவுங்கள். இதே காரணத்துக்காக ஸ்ட்ரெக்கர் வினையையும் தொடாதீர்கள். 1850-இல் வந்தது, இந்தக் குடும்பத்துக்கே மூத்தது, ஆனால் அதில் வேலை செய்வது சயனைடு.

பெட்டாசிஸ் வினை, கெவால்ட் வினை, ஆல்டிஹைடு-ஆல்கைன்-அமீன் மூன்றையும் காப்பர் உப்பு கொண்டு இணைக்கும் ஏ-கியூப் கப்ளிங் என்று இன்னும் நிறைய இருக்கின்றன. ஏ-கியூப் உங்கள் லேபில் செய்யக்கூடியதுதான், காப்பர் அயோடைடு விலை குறைவு, வெளியேறுவது ஒரு தண்ணீர் மட்டும். கெவால்டில் கந்தகப் பொடியையே நேராகப் போடுகிறோம், ஒலான்ஸபின் என்ற மனநல மருந்தின் தயோஃபீன் துண்டு அந்த வழியில் வருகிறது.

இப்போது இரண்டாவது கேள்வி, பசுமையா இல்லையா. இதில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுவேன், ஏனென்றால் நான் வளர்ந்தது பாலாற்றங்கரையில். நம் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில்தான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று தீர்ப்பளித்தது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்தில் மூடிக் கிடக்கும் ஒரு குரோமேட் ஆலையின் கழிவு, சுமார் 1.5 லட்சம் டன், பல வருடம் மேடாகக் குவிந்து கிடந்து, மழை பெய்தால் மஞ்சளாக ஓடியது. வேதியியல் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைக்குப் பசுமை என்ற சொல் அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுகிற அலங்காரமாக இருக்கக் கூடாது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ரோஜர் ஷெல்டன் 1992-இல் கொடுத்த அளவுகோல் E காரணி: ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு. உங்கள் பிஜினெல்லியில் 1.06 கிராம் பென்சால்டிஹைடு, 1.30 கிராம் எத்தில் அசிட்டோஅசிட்டேட், 0.90 கிராம் யூரியா போட்டீர்கள், 2 கிராம் விளைபொருள் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 77 சதவீதம். உள்ளே போனது 3.26, கழிவு 1.26, E காரணி 0.63. பிரமாதம். ஆனால் 10 மில்லி எத்தனாலில் காய்ச்சினீர்கள், அது 7.9 கிராம். இன்னும் 20 மில்லியில் மறுபடிகமாக்கினீர்கள், அது 15.8. இப்போது E 12-ஐத் தாண்டிவிட்டது. மறுபடிகமாக்காமல், எண்ணெயாக வந்துவிட்டது என்று 50 கிராம் சிலிக்கா போட்டு, 300 மில்லி ஹெக்சேன்-எத்தில் அசிட்டேட் விட்டு, பொருளைப் பிரித்தெடுக்கும் காலம் (column) ஓட்டினீர்கள் என்றால்? கிட்டத்தட்ட 140! அதே வினை, அதே விளைபொருள், அதே 88 சதவீத அணுச் சிக்கனம். ஒரே குடுவை என்பது பசுமை இல்லை, வாஷ் பேசினிலும் கேனிலும் கடைசியில் என்ன போகிறது என்பதுதான் கணக்கு. இந்த வினைகளின் உண்மையான பலம், நடுவில் மூன்று நான்கு முறை பிரித்தெடுத்துக் கழுவிக் காய வைக்கிற வேலை இல்லாமல் போவதில் இருக்கிறது. ஐந்து படி வேலையில் ஒவ்வொரு படியிலும் 80 சதவீதம் வந்தாலும் கடைசியில் நிற்பது 33 சதவீதம், ஐந்து முறை கரைப்பான். ஆனால் படிப்படியாகச் செய்யும்போது அழுக்கை அங்கங்கே இறக்கி வைத்துவிட்டுப் போகிறோம், இங்கே எல்லா அழுக்கும் கடைசி வரை கூடவே வரும். அதனால் விளைபொருள் தானாகப் படிகமாக விழுந்தால்தான் இந்த முறைக்கு அர்த்தமே உண்டு என்பது என் கருத்து. நீங்கள் வினையைத் தேர்ந்தெடுக்கும்போது ஈல்டைவிட இதை முதலில் பாருங்கள்.

ஆலையில் வேறொரு பாடம் கிடைத்தது. மலோனோநைட்ரைல் சேர்ந்த ஒரு மூன்று கூறு வினை, லேபில் 5 கிராம் அளவில் செய்தபோது குடுவை கை பொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. அதை நம்பி ரியாக்டரில் எல்லாவற்றையும் போட்டுக் காரத்தை ஒரே மூச்சில் விட்டார்கள், சில நிமிடத்தில் வெப்பநிலை முள் 30-லிருந்து 80-க்குப் போய்விட்டது, குளிர்நீரை முழுதாகத் திறந்தும் பிடிக்க முடியவில்லை. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே தார். ஒரு லிட்டரை ஆயிரம் லிட்டராக்கினால் உள்ளே பிறக்கும் வெப்பம் ஆயிரம் மடங்கு, அது வெளியேறும் பரப்போ நூறு மடங்குதான். அதன் பிறகு காரத்தை நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் அந்தப் பேட்ச் ஓடியது. மூலக்கூறு வரிசையைப் பார்த்துக்கொள்ளும், வெப்பத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேப்பர் விஷயம். பிஜினெல்லிக்குப் புது வினையூக்கி என்று வந்திருக்கும் கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை, ஏதாவது ஒரு உலோக உப்பு, ஏதாவது ஒரு நானோ ஆக்சைடு, அதே பத்து ஆல்டிஹைடு, அதே அட்டவணை. இன்னொன்றைச் சேர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. உங்கள் கைடு வினையூக்கிதான் வேண்டும் என்று சொன்னால் செய்யுங்கள், ஆனால் மூன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள் தம்பி: வினையூக்கியே போடாமல் அதே வெப்பநிலையில் ஒன்று, இரண்டு துளி சாதாரண ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் போட்டு ஒன்று, வடிகட்டி எடுத்த வினையூக்கியைத் திரும்பப் போட்டு ஒன்று, அதுவும் ஈல்டு மட்டும் பார்க்காமல் அரை மணிக்கொரு முறை டி.எல்.சி. (மெல்லிய தட்டில் பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) போட்டு வேகத்தையும் பார்த்து. வினையூக்கி இல்லாமலே ஓடிவிட்டால் அதையே தைரியமாக எழுதுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல ப்ராஜெக்ட்.

கட்டுரைகளில் அறை வெப்பநிலை என்று பார்த்தால் நின்று யோசியுங்கள். அவர்களுடைய அறை 25 டிகிரி. மே மாதம் வேலூரில் வெளியே 41, 42 ஓடும்போது நம் லேபில் 36, 37 இருக்கும். பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம், வேகமே மாறிவிடும். நோட்டில் அறை வெப்பநிலை என்று எழுதாமல் தெர்மாமீட்டர் காட்டியதை எழுதுங்கள்.

உங்கள் குடுவைக்கு வருவோம். எனக்கு முதல் சந்தேகம் பென்சால்டிஹைடு பாட்டில் மேல்தான். அந்த பாட்டிலின் வாய்ப்பகுதியில், மூடியின் மரையில் வெள்ளை வெள்ளையாகப் படிகம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பென்சாயிக் அமிலம், காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகியிருக்கிறது, நம் ஊர் வெயிலில் அலமாரியில் ஒரு வருடம் இருந்த பாட்டில் என்றால் நிச்சயம். நீங்கள் எடை போட்ட 1.06 கிராமில் பாதி ஆல்டிஹைடே இல்லாமல் இருக்கலாம். சோடியம் கார்பனேட் கரைசலில் குலுக்கிக் கழுவி, உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் வடித்து எடுத்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். அதற்கு வசதி இல்லையா, 4-குளோரோபென்சால்டிஹைடு எடுங்கள், அது திடப்பொருள், அவ்வளவு சுலபத்தில் கெடாது.

இரண்டாவது யூரியா. லேப் பாட்டிலில் இருப்பது நனைந்து கட்டியாகியிருந்தால் நசுக்கி டெசிகேட்டரில் வையுங்கள். வீட்டில் நெல்லுக்குப் போடும் மூட்டையிலிருந்து எடுத்து வந்துவிடாதீர்கள், நிஜமாகவே ஒரு மாணவர் கொண்டு வந்தார், உர யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியது, அந்த எண்ணெய் கடைசி வரை உங்களோடு வரும்.

மூன்றாவது கண்டன்சர். மத்தியானம் இரண்டு மணிக்கு மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் வெந்நீராக இருக்கும், அதை விட்டால் எத்தனால் பாதி மேலே போய்விடும், குடுவை வறண்டு அடி பிடிக்கும். ஒரு பக்கெட்டில் ஐஸ் தண்ணீர் வைத்து, ஏர் கூலருக்குப் போடும் சின்ன மோட்டாரை அதில் முக்கி, கண்டன்சருக்குச் சுற்ற விடுங்கள். தண்ணீரும் மிச்சம்.

10 மில்லி எத்தனால், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நான்கைந்து துளி, ரீஃப்ளக்ஸ். டி.எல்.சி.யில் ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் சம பங்கு போட்டால் ஆல்டிஹைடு மேலே ஓடும், உங்கள் பொருள் கீழே நிற்கும், யு.வி.யில் இரண்டும் தெரியும். அசிட்டோஅசிட்டேட் யு.வி.யில் மங்கலாகத்தான் தெரியும், அயோடின் அறையில் வைத்துப் பாருங்கள், அது இல்லை என்று ஏமாறாதீர்கள். ஆல்டிஹைடு புள்ளி மறையும் வரை விடுங்கள், மூன்று மணி என்று குறிப்பில் இருக்கிறதே என்று நிறுத்தாதீர்கள். எண்ணெயாக நின்றதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், வளையம் மூடாத இடைநிலைப்பொருளும் மிஞ்சிய ஆல்டிஹைடும் கலந்து படிகத்தை விழ விடாது. அப்புறம் குளிர வைத்து, நொறுக்கிய ஐஸில் ஊற்றி, கண்ணாடிக் குச்சியால் பீக்கரின் உட்சுவரைச் சுரண்டுங்கள். மிஞ்சிய யூரியா தண்ணீரோடு போய்விடும். முன்பு கிடைத்த 30 சதவீதத்தில் ஒரு சிட்டிகை வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதில் ஒரு துணுக்கைப் போட்டால் பத்து நிமிடத்தில் பீக்கர் முழுவதும் வெள்ளையாகிவிடும், அதைப் பார்க்கிற சந்தோஷமே தனி. வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை, குளிர்ந்த எத்தனாலில் கொஞ்சம், காய வைத்து உருகுநிலை பாருங்கள், பென்சால்டிஹைடில் செய்த பொருள் 200 டிகிரிக்குச் சற்று மேலே உருக வேண்டும்.

எவ்வளவு வந்தது, எந்த டிகிரியில் உருகியது, எத்தனை மில்லி கரைப்பான் செலவானது, மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எண்ணெயாகவே நின்றாலும் அந்த டி.எல்.சி. தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.